செய்திக்குப் பாடும், பாட்டுக்கு அணையும்: பிஏஎம்8403 அனுபவம்

பழைய ரேடியோ பெட்டி ஒன்றில் இருந்த இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களுக்காக, 5 வோல்ட்டில் சேனலுக்கு ஏறக்குறைய 3 வாட் தரும் பிஏஎம்8403 என்ற கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் (ஒலியைப் பெருக்கும்) சிப் பலகையைப் பொருத்தினேன். செய்தி வாசிப்பு தெளிவாகக் கேட்டது. ஸ்டீரியோ பாடல் வந்ததும் ஒலி விட்டுவிட்டு அறுந்து, சிப்பும் விரல் வைக்க முடியாதபடி சுட்டது.

மின்சாரம் போதவில்லை என்று எண்ணி முதலில் சார்ஜரை மாற்றினேன்; பிறகு சப்ளை முனையில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் சேர்த்தேன்; கடைசியில் பலகையையே மாற்றினேன். (5.5 வோல்ட்டுக்கு மேல் இந்த சிப்புக்குக் கொடுக்கக் கூடாது என்பதால், அந்த விஷப்பரீட்சையை மட்டும் செய்யவில்லை.) எதுவும் பலிக்காமல் நான்கு நாட்கள் வீணாயின.

மல்ட்டிமீட்டரை வைத்தபோதுதான், ஸ்பீக்கரின் மைனஸ் முனையிலும் கிரவுண்டை (சுற்றின் பொதுவான பூஜ்ய வோல்ட் முனையை) பொறுத்து ஏறக்குறைய 2.5 வோல்ட் இருப்பதைக் கண்டேன். அது கிரவுண்டே அல்ல. இவ்வகை சிப்பில் இரு முனைகளுமே ஆம்ப்ளிஃபையர் வெளியீடுகள். ரேடியோ பெட்டியின் பழைய வயரிங்கோ இரண்டு ஸ்பீக்கர்களின் மைனஸையும் ஒரே பட்டையில் இணைத்திருந்தது. மோனோ பேச்சில் இரு சேனல்களும் ஒன்றுபோல இயங்குவதால் பிழை மறைந்திருந்தது. ஸ்டீரியோவில் அவை வேறுபட்டதும் ஒன்றையொன்று ஷார்ட் செய்ய, சிப்பின் பாதுகாப்பு அமைப்பு ஒலியை நிறுத்தியது.

பட்டையை வெட்டி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு வயர் இழுத்தேன். இப்போது மணிக்கணக்கில் பாடினாலும் சிப் வெதுவெதுப்பாகவே இருக்கிறது.