வீட்டு காலண்டருக்கு சொந்தமா ஒரு சர்வர்: ரேடிகாலே போடுறது எப்படி

காலண்டர் மட்டும்தான் வேணும்னா நெக்ஸ்ட்கிளவுட் வரைக்கும் போக வேணாங்க. நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனா பைல், போட்டோ, சாட்னு எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு வரும், பிஹெச்பி பாக்கணும், டேட்டாபேஸ் பாக்கணும், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கூடவே உக்காந்திருக்கணும். ரேடிகாலே சின்ன காலண்டர் சர்வர், பைத்தான்ல எழுதினது, டேட்டாபேஸே கிடையாது, ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒரு டெக்ஸ்ட் பைல், அவ்ளோதான். பழைய ராஸ்பெரி பை இருந்தா அதுலயே ஓடிடும். போனும் லேப்டாப்பும் இதோட பேசுறது கால்டாவ்ங்கிற ஸ்டாண்டர்ட்ல, 2007-ல ஆர்எஃப்சி 4791-ஆ வந்தது, அதனால நாளைக்கு ரேடிகாலே புடிக்கலன்னா பைலை எல்லாம் தூக்கிட்டு பைக்கால் மாதிரி வேற கால்டாவ் சர்வருக்கு மாறிக்கலாம்.

நான் சொல்றது டெபியன வச்சு. உபுண்டுலயும் கிட்டத்தட்ட இதேதான். ஆப்ட் இன்ஸ்டால்ல மூணு பேக்கேஜ் போடுங்க: ரேடிகாலே, அப்பாச்சி2-யுடில்ஸ், பைத்தான்3-பிகிரிப்ட். அப்பாச்சின்னு பேரப் பாத்து பயப்படாதீங்க, வெப் சர்வர் எதுவும் வராது, பாஸ்வேர்ட் பைல் உண்டாக்குற ஹெச்டிபாஸ்வேர்ட் கமாண்ட் அதுக்குள்ளதான் இருக்கு, அதுக்காகத்தான்.

அடுத்து யூசர் உண்டாக்கணும். இடிசி போல்டருக்குள்ள ரேடிகாலே போல்டர், அதுல யூசர்ஸ்னு ஒரு பைல். முதல் ஆளச் சேக்குறப்போ ஹெச்டிபாஸ்வேர்ட் கமாண்டுக்கு பெரிய பி, சின்ன சி ரெண்டு ஆப்ஷனும் குடுங்க. பெரிய பி-ன்னா பிகிரிப்ட், அதாவது பாஸ்வேர்ட யாரும் படிக்க முடியாதபடி மாத்தி வைக்கிற முறை, சின்ன சி-ன்னா பைல புதுசா உண்டாக்கு. ரெண்டாவது ஆளச் சேக்குறப்போ அந்த சின்ன சி இருக்கவே கூடாது, இருந்தா பைல் மறுபடி புதுசாயிடும், முதல் ஆள் காலி, எர்ரர்கூட காட்டாது. அப்புறம் அந்த பைலோட குரூப்ப ரேடிகாலேக்கு மாத்தி பர்மிஷன் 640 வச்சிடுங்க. சர்வர் படிக்கணும், மத்தவங்க படிக்கக் கூடாது.

இப்ப அதே போல்டர்ல இருக்குற கான்ஃபிக் பைல். உள்ள நூத்துக்கணக்குல வரி இருக்குற மாதிரி தெரியும், பாதிக்கு மேல கமென்ட்தான், நமக்கு வேண்டியது மூணு பகுதி. சர்வர் பகுதியில ஹோஸ்ட்ஸ்ங்கிற வரி லோக்கல்ஹோஸ்ட்:5232-ன்னே இருக்கட்டும், அதாவது அந்த மெஷினுக்குள்ள மட்டும், வெளியில தொறந்து விட வேணாம். ஸ்டோரேஜ் பகுதியில போல்டர் எதுன்னு இருக்கும், டெபியன்ல அது வார், லிப், ரேடிகாலே, கலெக்‌ஷன்ஸ்னு போகும், மாத்த வேண்டியதில்ல. முக்கியமானது ஆத் பகுதி. டைப்ங்கிற இடத்துல ஹெச்டிபாஸ்வேர்ட், பைல் எங்க இருக்குங்கிற வரியில நாம உண்டாக்கின யூசர்ஸ் பைல், என்கிரிப்ஷன் வரியில பிகிரிப்ட். இந்த ஆத் பகுதிய யாரும் தள்ளிப் போடாதீங்க, ஏன்னா 3.5-க்கு முந்தின ரேடிகாலேல ஒண்ணும் மாத்தாம விட்டா டைப் 'நன்'-னுதான் இருக்கும், அதாவது எவன் எந்தப் பேர், எந்த பாஸ்வேர்ட் அடிச்சாலும் உள்ள விட்டுடும். டெபியன் 12-ல வர்றது அந்தப் பழைய 3.1 வரிசைதான். 3.5-ல இருந்து தலைகீழா மாத்திட்டாங்க, நாம எதுவும் சொல்லலன்னா யாரையும் விடாது. முதல்லயே இப்படி வச்சிருக்கலாம்.

சேவ் பண்ணிட்டு சிஸ்டம்சிடிஎல்-ல ரேடிகாலே சர்வீஸ எனேபிள் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஸ்டார்ட் ஆகலன்னா ஜர்னல்சிடிஎல்-ல பாத்தா பெரும்பாலும் பர்மிஷன் பிரச்சனைன்னு கடைசி ரெண்டு வரியிலயே சொல்லிடும்.

வெளியில இருந்து போன் எப்படி இதத் தொடுறதுங்கிறதுதான் நெறய பேர் மாட்டிக்கிற இடம். விபிஎஸ் (இன்டர்நெட்ல வாடகைக்கு எடுத்த சர்வர்) வச்சிருந்தா சுலபம்: ஒரு சப்டொமைன விபிஎஸ் ஐபிக்குத் திருப்பிட்டு கேடிங்கிற வெப் சர்வரப் போடுங்க, கேடி பைல்ல டொமைன் பேர், சுருள் அடைப்புக்குள்ள ரிவர்ஸ் ப்ராக்ஸி லோக்கல்ஹோஸ்ட்:5232, அதாவது வர்றத ரேடிகாலேக்குத் தள்ளி விடு, முடிஞ்சது. லெட்ஸ் என்கிரிப்ட் சர்டிபிகேட்ட அதுவே வாங்கி அதுவே புதுப்பிச்சுக்கும், 80-ம் 443-ம் தொறந்திருந்தா போதும். என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வர் ஏற்கனவே ஓடுதுன்னா அதுலயும் பண்ணலாம், ஆனா சப்டொமைன் இல்லாம டொமைனுக்குப் பின்னாடி ஒரு பாத் குடுத்து வைக்கிறவங்க எக்ஸ்-ஸ்கிரிப்ட்-நேம்ங்கிற ஹெட்டர சேத்து அனுப்பணும், இல்லன்னா லிங்க் எல்லாம் தப்பா போகும். சப்டொமைன்னா இந்தத் தலைவலி இல்ல.

வீட்டு பிராட்பேண்ட்ல வைக்கிறவங்களுக்கு வேற கதை. நிறைய கனெக்‌ஷன்ல இப்ப சிஜிநாட்தான், அதாவது தெருவுல பல வீட்டுக்கும் சேத்து ஒரே பப்ளிக் ஐபி, ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்ட் எத்தன தடவ போட்டாலும் வெளியில இருந்து வராது. ரவுட்டர் பேஜ்ல வேன் ஐபி (ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைச்ச ஐபி) பாருங்க, 100.64-ல இருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா சிஜிநாட்டேதான், மேல முயற்சி பண்ணாதீங்க. டெயில்ஸ்கேல் போட்டுடுங்க, உங்க மெஷின்கள மட்டும் தங்களுக்குள்ள சேக்குற தனி நெட்வொர்க் அது. சர்வர்லயும் குடும்பத்துல எல்லார் போன்லயும் டெயில்ஸ்கேல் இருக்கணும், அட்மின் பக்கத்துல ஹெச்டிடிபிஎஸ் ஆன் பண்ணிட்டு சர்வர்ல டெயில்ஸ்கேல் சர்வ்-க்கு 5232-ன்னு சொன்னா ஒழுங்கான சர்டிபிகேட்டோட ஒரு அட்ரஸ் கிடைச்சிடும். ரேடிகாலே லோக்கல்ஹோஸ்ட்லயே இருக்கும், இன்டர்நெட்ல யார் கண்ணுக்கும் படாது. வீட்டு உபயோகத்துக்கு விபிஎஸ்ஸ விட இதத்தான் நான் சொல்லுவேன்.

அட்ரஸ பிரௌசர்ல தொறந்து லாகின் பண்ணினா சின்ன பேஜ் ஒண்ணு வரும். காலண்டர் உண்டாக்கலாம், கலர் குடுக்கலாம், பழைய ஐசிஎஸ் பைல (காலண்டர் நிகழ்ச்சிகள் இருக்குற பைல்) அப்லோட் பண்ணலாம். கூகுள் காலண்டர்ல செட்டிங்ஸ்ல எக்ஸ்போர்ட் குடுத்தா ஒரு ஜிப் வரும், அதுக்குள்ள இருக்குற ஐசிஎஸ்ஸ அப்படியே இங்க ஏத்திடுங்க.

ஆண்ட்ராய்டுல கால்டாவ் சொந்தமா கிடையாது, டாவ்எக்ஸ்5-ங்கிற ஆப் வேணும். பிளே ஸ்டோர்ல காசு, எஃப்-ட்ராய்டுங்கிற ஆப் ஸ்டோர்ல இலவசம். அட்ரஸ், பேர், பாஸ்வேர்ட் குடுத்து அக்கவுன்ட் உண்டாக்கினதும் முடிஞ்சதுன்னு வெளிய வந்துடாதீங்க, உள்ள கால்டாவ் டேப்புக்குப் போய் எந்தக் காலண்டர்னு டிக் பண்ணணும், அது பண்ணாமதான் 'காலண்டர் காலியா இருக்கு'ன்னு பல பேர் புலம்புறது. பேட்டரி ஆப்டிமைசேஷன்ல இருந்தும் அதுக்கு விலக்கு குடுங்க. ஐபோன்ல ஆப் எதுவும் வேணாம், செட்டிங்ஸ்ல காலண்டர் அக்கவுன்ட் சேக்குற இடத்துல அதர் போனா கால்டாவ் இருக்கும். தண்டர்பேர்ட்ல நியூ காலண்டர், ஆன் த நெட்வொர்க்.

குடும்பத்துக்குப் பொதுக் காலண்டர் வேணும்னா யார் எதப் பாக்கலாம்னு சொல்ற ரைட்ஸ் பைல் எழுதலாம், கலெக்‌ஷன் போல்டருக்கு சிம்லிங்க் போடலாம், ரெண்டும் வேலை செய்யும். ஆனா சுருக்கு வழி ஒண்ணு இருக்கு: 'வீடு'-ன்னு தனியா ஒரு யூசர் உண்டாக்கி அத எல்லார் போன்லயும் ரெண்டாவது அக்கவுன்ட்டா சேத்துடுங்க. அவங்கவங்க சொந்த விஷயம் சொந்தக் காலண்டர்ல, கல்யாணம், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், பள்ளிக்கூட பேரன்ட்ஸ் மீட்டிங் எல்லாம் வீட்டுக் காலண்டர்ல. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வர்ற ஈபி பில்லுக்கு மந்த்லி, இன்டர்வல் 2-ன்னு ரிப்பீட் வச்சா தானா வரும்.

திதி, அமாவாசை, பிரதோஷத்துக்கு மட்டும் இந்த ரிப்பீட் உதவாது. ரிப்பீட் கணக்கு இங்கிலீஷ் தேதிய வச்சு, தாத்தா திவசத்துக்கு இயர்லி போட்டு விட்டா அடுத்த வருஷம் தப்பான நாள்ல அடிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவ பஞ்சாங்கத்த எடுத்து வச்சு தனித்தனியா போட்டுடுங்க, எல்லாமே ஆல்-டே ஈவென்ட்டா. ஆல்-டேல டைம்சோனே கிடையாது, சிங்கப்பூர்ல இருக்குற தம்பி போன்லயும் அதே தேதிதான். நேரம் குடுத்துப் போட்டா ஏசியா/கொல்கத்தான்னு பதிவாகும், இங்க காலைல 10 மணி ஹோமம் அவனுக்கு 12.30-ன்னு காட்டும், அது சரிதான்.

கடைசியா பேக்கப். கலெக்‌ஷன் போல்டருக்குள்ள போய்ப் பாத்தா ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நீளமான பேர்ல ஒரு ஐசிஎஸ் பைல், தொறந்தா சம்மரின்னு ஒரு வரியில தலைப்பு, டிடிஸ்டார்ட்னு ஒரு வரியில நேரம், கண்ணால படிக்கலாம். டெக்ஸ்ட்டா இருக்கிறதால ஒவ்வொரு மாத்தத்தையும் பதிஞ்சு வைக்கிற கிட் இதுக்கு சரியா பொருந்தும். ரேடிகாலே யூசராவே அந்த போல்டர்ல கிட் இனிட் பண்ணி, கிட்டுக்கு பேர், மெயில் குடுத்து, கேஷ் போல்டரயும் லாக் பைலயும் இக்னோர்ல போட்டுட்டு, ஸ்டோரேஜ் பகுதியில ஹுக்ங்கிற வரியில (ஒவ்வொரு மாத்தத்துக்கும் அப்புறம் தானா ஓடுறது) கிட் ஆட், கிட் கமிட் ரெண்டயும் எழுதிடுங்க, மாத்தம் எதுவும் இல்லன்னா கமிட் ஆகாத மாதிரி. ரூட்டா பண்ணாதீங்க, அப்புறம் ஓனர் சரியில்லன்னு கிட் முரண்டு புடிக்கும். இனிமே யார் எத அழிச்சாலும் பழைய கமிட்ல இருந்து அந்த ஒரு பைல மட்டும் திரும்ப எடுத்துடலாம், அடுத்த சிங்க்ல எல்லார் போன்லயும் வந்துடும். ஆனா இது அதே மெமரி கார்டுலதான் இருக்கு, கார்டு போனா எல்லாம் போச்சு, ராத்திரி தானா ஓடுற மாதிரி ஒரு கிரான் போட்டு வேற மெஷினுக்கு கிட் புஷ் பண்ணிடுங்க. யூசர்ஸ் பைலும் கான்ஃபிக்கும் இந்த போல்டர்ல இல்ல, அதுங்கள தனியா காப்பி எடுத்து வைக்கணும்.