டிரையர் பழுது: பாகத்தை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணி உலர்த்தும் டிரையருக்குள் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஹீட்டர் காற்றைச் சூடாக்குகிறது. மோட்டார், பெல்ட் வழியாக டிரம்மைச் சுழற்றுகிறது. பெரும்பாலான மாடல்களில் அதே மோட்டாரின் மறுமுனையில் ஒரு விசிறியும் இருக்கும். துணியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய காற்றை அது வெளியே தள்ளுகிறது. சூடு, சுழற்சி, காற்றோட்டம் மூன்றும் சரியாக இருந்தால் துணி காயும். துணி காயாதபோது எல்லோருடைய சந்தேகமும் முதலில் சூட்டின் மேல்தான் விழுகிறது. ஆனால் அடிக்கடி கெடுவது காற்றோட்டம். வீணாக வாங்கிய பாகம், மறுபடி எரிந்த ஃபியூஸ், திரும்பத் திரும்ப வரும் மெக்கானிக் என்று பல தலைவலிகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

துணி காயவில்லை என்றதும் ஹீட்டர் வாங்குவது

டிரம்முக்குள் கை வைத்தால் சூடு தெரிகிறது, ஆனால் ஒரு சுற்றில் காய வேண்டிய துணி இரண்டு சுற்று கேட்கிறது. அப்படியானால் ஹீட்டர் வேலை செய்கிறது; ஈரக் காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் புது ஹீட்டர் போட்டாலும் துணி அதே ஈரத்தோடுதான் வெளியே வரும்.

சோதிக்கும் வழி எளிது. வெளியே குழாய் போகும் வகை டிரையர் என்றால், அது ஓடும்போது வெளிச்சுவருக்குப் போய்ப் பாருங்கள். குழாய் முடியும் இடத்தில் உள்ள மூடி நன்றாகத் திறந்து, கையில் பலமாகக் காற்றுப் பட வேண்டும். மூடி பாதிதான் திறக்கிறது, காற்று மெதுவாக வருகிறது என்றால் எங்கோ அடைப்பு. மின்சார டிரையராக இருந்தால் பின்பக்கக் குழாயைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம். இயந்திரத்திலிருந்து காற்று பலமாக வந்தால் குற்றவாளி குழாய். அங்கேயே பலவீனமாக இருந்தால் அடைப்பு உள்ளே, விசிறிப் பக்கம். கேஸ் டிரையரில் இந்தச் சோதனையை ஒருபோதும் செய்ய வேண்டாம். எரிந்த வாயு வீட்டுக்குள் வரும், அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம்.

அதற்கும் முன்னால் இன்னொன்று. வாஷிங் மெஷினிலிருந்து எடுக்கும்போதே துணியில் தண்ணீர் சொட்டுகிறதா? பழுது டிரையரில் இல்லை, மெஷின் சரியாகப் பிழியவில்லை. டிரையரை எத்தனை முறை கழற்றிப் பூட்டினாலும் இது சரியாகாது.

துணியிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்கும் வலையான ஃபில்டர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு முறையும் பஞ்சை எடுத்துவிடுகிறோமே, அப்புறம் எப்படி அடைக்கும் என்று கேட்பார்கள். வாசனைத் தாள்களும் துணி மென்மையாக்கும் திரவங்களும் வலைக்கண்ணில் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலத்தை விட்டுச் செல்கின்றன. ஃபில்டரைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் வலை வழியாக ஒழுகாமல் தேங்கி நின்றால் காற்றுக்கும் அங்கே வழியில்லை. சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்; நன்றாகக் காய்ந்த பிறகு திருப்பிப் போடுங்கள். கிழிந்த ஃபில்டரை மட்டும் மாற்றித்தான் ஆக வேண்டும். அதன் வழியே போகும் பஞ்சு முழுவதும் விசிறியிலும் குழாயிலும் குடியேறிவிடும்.

குழாய் போடுவதில் நடக்கும் தவறுகள் தனிக் கதை. வளைத்து நெளித்துக்கொள்ளலாம் என்று பிளாஸ்டிக் குழாயையோ மெல்லிய அலுமினியத் தாள் குழாயையோ மாட்டுகிறார்கள். சுருக்கம் சுருக்கமாக இருக்கும் அதன் உட்பக்கம் ஒவ்வொரு மடிப்பிலும் பஞ்சைப் பிடித்து வைக்கிறது. தீப்பிடித்தால் பிளாஸ்டிக் தாக்குப்பிடிக்காது. உட்பக்கம் வழவழப்பான, விறைப்பான உலோகக் குழாய்தான் சரி. 4 அங்குல விட்டம் பரவலான அளவு. இணைப்புகளை நீளமான திருகு போட்டு இறுக்குவதும் தவறு. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகு முனை ஒவ்வொன்றும் பஞ்சு சேரும் இடமாகிறது. அலுமினிய ஒட்டுப்பட்டை போட்டு மூடினால் போதும். பறவை, எலி வரக்கூடாது என்று வெளிமுனையில் கம்பி வலை கட்டுவார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் சில வாரங்களில் அந்த வலை கம்பளி போட்டது போல மூடிவிடும். குழாய் முடிந்தவரை குட்டையாக, குறைந்த வளைவுகளோடு போக வேண்டும். ஒரு செங்கோண வளைவை ஏறத்தாழ 5 அடி கூடுதல் நீளமாகக் கணக்கிடுவது வழக்கம்.

இதில் அலட்சியம் காட்டினால் மின்கட்டணத்தோடு நிற்காது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து, அந்நாட்டு வீடுகளில் டிரையர் தொடர்பான தீ ஆண்டுக்குச் சுமார் 2,900 என்று கணக்கிட்டது. காரணங்களில் முதலிடம், 34 சதவீதம், சுத்தம் செய்யாமல் விட்டதற்கு.

எல்ஜி டிரையர்கள் சிலவற்றில் டி80, டி90, டி95 என்று திரையில் வரும். சென்சார் போய்விட்டது என்று நினைத்து எலக்ட்ரானிக் பலகையையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு. குழாய் எத்தனை சதவீதம் அடைத்திருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

எரிந்த ஃபியூஸை மட்டும் மாற்றுவது

சூடே வரவில்லை, அல்லது இயந்திரம் ஓடவே இல்லை என்ற புகார்களில் அடிக்கடி அகப்படுவது வெப்ப ஃபியூஸ். விசிறிக் கூட்டின் மேலோ ஹீட்டர் அருகிலோ இருக்கும் சின்னப் பாகம். வரம்புக்கு மேல் சூடேறினால் அது உள்ளே அறுந்து மின்னோட்டத்தை நிறுத்தும். திரும்ப ஒட்டாது, மாற்றத்தான் வேண்டும். விலை குறைவு, மாற்றுவதும் சுலபம். அதனாலேயே இங்கே தவறு அதிகம்.

ஃபியூஸ் சும்மா எரிவதில்லை. குழாய் அடைத்து, சூடான காற்று வெளியேற முடியாமல் உள்வெப்பம் ஏறியிருக்கும். அல்லது சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு ஹீட்டரை அணைக்க மறந்திருக்கும். காரணத்தைப் பார்க்காமல் புது ஃபியூஸ் போட்டால் சில சுற்றுகளில் அதுவும் போகும். பிறகு, "டூப்ளிகேட் பாகம் கொடுத்துவிட்டான்" என்று விற்றவர் மேல் கோபம் வரும்.

இதைவிட மோசமானது, ஃபியூஸை ஒதுக்கிவிட்டு இரண்டு ஒயரையும் நேராக முறுக்கி இணைப்பது. இணையக் காணொளிகளில் இதை ஒரு தந்திரம் போலக் காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் டிரையரில் செய்யக்கூடிய ஆகப்பெரிய முட்டாள்தனம் இதுதான். சூடு எல்லை மீறும்போது நிறுத்துவதற்கு இருந்த கடைசிக் காவலையும் எடுத்துவிட்டு, பஞ்சு நிறைந்த பெட்டிக்குள் ஹீட்டரை ஓடவிடுகிறோம். சோதனைக்காக ஐந்து நிமிடம் என்றாலும் தேவையில்லை. ஃபியூஸ் எரிந்திருக்கிறதா என்பதை மின் அளவுகளைக் காட்டும் மல்டிமீட்டர் ஒரு நொடியில் சொல்லிவிடும்.

மல்டிமீட்டரிலும் ஒரு பொதுத் தவறு உண்டு. ஒயர் மாட்டியிருக்கும்போதே முனைகளில் ஊசி வைத்து அளப்பார்கள். மின்சாரம் வேறு பாதையில் சுற்றிவந்து, போன பாகத்தையும் நல்ல பாகமாகக் காட்டும். முதலில் பிளக்கை உருவுங்கள், ஒரு ஒயரையாவது கழற்றுங்கள், அப்புறம் அளங்கள். நல்ல ஃபியூஸ் ஏறக்குறைய 0 ஓம் காட்டும். ஹீட்டர் அதன் வாட்டைப் பொறுத்தது: 240 வோல்ட்டில் ஓடும் 5,400 வாட் ஹீட்டருக்குக் கணக்குப்படி 10.7 ஓம் வர வேண்டும். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது.

அதோடு நிறுத்தாமல், ஹீட்டர் முனைக்கும் அதன் உலோகக் கூட்டுக்கும் இடையிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். அங்கே இணைப்பே இருக்கக்கூடாது. சுருள் தொய்ந்து கூட்டைத் தொட்டிருந்தால், சூடில்லாத அமைப்பில் ஓட்டினாலும் டிரையர் கொதிக்கும். தெர்மோஸ்டாட்தான் காரணம் என்று அதை வரிசையாக மாற்றிக்கொண்டிருப்பவர்களிடம் பெரும்பாலும் இந்த ஒரு அளவு விட்டுப்போயிருக்கும்.

டிரம் சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லை என்றால் இன்னொரு சாத்தியம் வீட்டு மின்பலகையில். வட அமெரிக்க வகை மின்சார டிரையர்களில் ஹீட்டருக்கு 240 வோல்ட், மோட்டாருக்கு 120 வோல்ட் போகிறது. இரட்டை பிரேக்கரில் ஒரு பக்கம் மட்டும் துண்டித்தால் மோட்டார் ஓடும், ஹீட்டர் கிடக்கும். பிரேக்கரை முழுதாக அணைத்துப் போட்டுப் பாருங்கள். திரும்பவும் விழுந்தால் மறுபடி மறுபடி தட்டாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சத்தம் வந்தால் எண்ணெய் அடிப்பது

கீச்சென்று சத்தம் வந்தவுடன் கையில் கிடைக்கும் ஸ்பிரேயை எடுத்து இடுக்கில் அடிக்கிறோம். அரைநாள் சத்தம் இருக்காது. பிறகு அந்த எண்ணெயில் பஞ்சு ஒட்டிப் பசையாகி, முன்னைவிட மோசமாகக் கத்தும். பெல்ட்டில் பட்டால் வழுக்கும். சூடான இடத்தில் பட்டால் தீ பற்றும். கீச்சொலிக்குக் காரணம் பொதுவாகப் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சிறு சக்கரமோ, டிரம்மைத் தாங்கும் உருளைகளோ. தேய்ந்தால் மாற்றுவதுதான் வழி. இரண்டு உருளையில் ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். உள்ளே கையை விட்டாயிற்று, இரண்டும் ஒரே வயது, இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

பல நாள் ஓடாமல் கிடந்த டிரையர் தொடக்கத்தில் தட் தட்டென்று இடிக்கும். ஒரே இடத்தில் அழுந்தி நின்ற உருளை கொஞ்சம் தட்டையாகியிருக்கும். சூடேறியதும் அடங்கிவிட்டால் கவலை வேண்டாம்.

மோட்டார் உறுமுகிறது, டிரம் நகரவில்லை, கையால் தள்ளினால் எந்தத் தடையும் இல்லாமல் இலகுவாகச் சுற்றுகிறது என்றால் பெல்ட் அறுந்திருக்கிறது. சில மாடல்களில் பெல்ட் அறுந்தால் மோட்டாரையே ஓடவிடாத ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது தெரியாமல் மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஈரம் இருக்கும்போதே நின்றுவிட்டால்

தானியங்கி அமைப்பில் போட்டால் துணி ஈரமாக இருக்கும்போதே நின்றுவிடுகிறது. நேரத்தை நாமே வைத்து ஓட்டினால் நன்றாகக் காய்கிறது. இந்த அறிகுறிக்கு எலக்ட்ரானிக் பலகையை மாற்றுவது வெட்டிச் செலவு. டிரம்முக்குள், ஃபில்டர் பக்கத்தில், இரண்டு உலோகப் பட்டைகள் தெரியும். ஈரத்துணி இரண்டையும் ஒருசேரத் தொடும்போது மெல்லிய மின்னோட்டம் பாயும். அது பாயாவிட்டால் துணி காய்ந்துவிட்டது என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். முன்பு சொன்ன அதே மென்மையாக்கிப் படலம் பட்டையில் படிந்தால் ஈரத்துணியும் காய்ந்த துணியாகத் தெரியும். ஆல்கஹாலையோ வினிகரையோ பஞ்சில் நனைத்துத் துடைத்தால் முடிந்தது. இரண்டே சட்டை போட்டு ஓட்டினாலும் இதே தொல்லை வரும், துணி பட்டையைத் தொடுவதே அரிது. கூட ஒரு துண்டைப் போடுங்கள்.

வெப்ப பம்ப் டிரையரைப் பழையது போலவே நினைப்பது

கன்டென்சர் வகை, வெப்ப பம்ப் வகை இரண்டிலும் வெளியே குழாய் இல்லை. ஈரம் தண்ணீராகித் தொட்டியில் சேரும். வெப்ப பம்ப் டிரையர் குறைந்த வெப்பத்தில், அதிக நேரம் எடுத்து உலர்த்தும். துணி சுடச்சுட வரவில்லை என்று புகார் சொல்ல வேண்டாம், அதன் இயல்பே அது. கன்டென்சர் வகையில் வெப்பமாற்றியைக் கழற்றிக் குழாயடியில் அலசலாம். வெப்ப பம்ப் வகையில் பெரும்பாலும் கழற்ற முடியாது. மெல்லிய அலுமினியத் தகடுகளை மென்பிரஷால் தகட்டின் திசையிலேயே தட்டிவிட வேண்டும். கத்தி, ஸ்குரூ டிரைவர் கொண்டு நோண்டினால் தகடு மடங்கும், உள்ளே ஓடும் குளிர்வாயுக் குழாய் ஓட்டையாகும். சில மாடல்களில் அந்த வாயு புரொப்பேன், எளிதில் தீப்பிடிக்கும். ஆகவே கம்பிரசர் பக்கம் நம் வேலை இல்லை. தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தும் நிரம்பியதாகக் காட்டினால் மிதவையிலோ சிறு பம்பிலோ பஞ்சு சிக்கியிருக்கும்.

கேஸ் டிரையரைப் பற்றிச் சுருக்கமாக: பற்றவைப்பான் சிவந்தும் சுடர் வரவில்லை என்றால் வால்வின் காயில்களைச் சந்தேகிக்கலாம், ஆனால் அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். கேஸ் வாசனை வந்தால் வால்வை மூடிவிட்டு வெளியே போங்கள். அந்த நேரத்தில் எந்த சுவிட்சையும் தொட வேண்டாம்.

பழுதில்லாமலே ஆபத்தாகும் பழக்கங்கள்

சமையல் எண்ணெய் ஊறிய துணிகளை டிரையரில் போடுவது அவற்றில் ஒன்று. துவைத்தாலும் எண்ணெய் முழுதாகப் போவதில்லை. சூடாக மடித்து அடுக்கிவைத்தால் அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தானாகவே மேலும் சூடாகும், சில நேரம் பற்றியும் எரியும். அவசரத்தில் சுற்றைப் பாதியில் நிறுத்தித் துணியை உள்ளேயே விட்டுவிடுவதும் இதே ரகம். கடைசிச் சில நிமிடங்கள் சூடில்லாமல் ஓடுவது துணி ஆறுவதற்காகத்தான். உள்ளே புகை தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள், காற்று போனால் தீ வளரும். பிளக்கையோ பிரேக்கரையோ பாதுகாப்பாக எட்ட முடிந்தால் மட்டும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, எல்லோரையும் வெளியேற்றித் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

நீங்களே திறந்து வேலை பார்ப்பதென்றால், பிளக்கை உருவிய பிறகு ஒயர்களைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டு ஓரங்கள் பிளேடு மாதிரி இருக்கும், கையுறை அவசியம். பாகம் வாங்கும்போது பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிறது என்று எடுக்காமல், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள்; ஒரே உருவத்தில் வெவ்வேறு வெப்ப எல்லை கொண்ட ஃபியூஸ்கள் உண்டு. கருகிய ஒயர் முனையைச் சாதாரண ஒயரால் ஒட்டுப்போடாதீர்கள், அந்த இடத்துக்கு அதிக வெப்பம் தாங்கும் ஒயர் வேண்டும்.

எல்லாம் முடிந்து டிரையரைச் சுவரோடு தள்ளும்போதுதான் பின்னாலிருக்கும் குழாய் நசுங்கும். செய்த வேலை அத்தனையும் அதில் போய்விடும். தள்ளியபின் ஒருமுறை ஓடவிட்டு, வெளிமூடி பழையபடி முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத் துணியைப் போடுங்கள்.