விகேஎச் நோயில் ஸ்டீராய்டு: ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான் கடினம்

சில நாட்களுக்குள் இரண்டு கண்ணும் மங்குகிறது. கூடவே தலைவலி, காதில் இரைச்சல், தலைமுடியைத் தொட்டாலே கூச்சம். அப்போது சந்தேகிக்க வேண்டியவற்றில் ஒன்று வோக்ட்-கோயனாகி-ஹராடா நோய், சுருக்கமாக விகேஎச். உடலின் எதிர்ப்பாற்றல் நிறமிச் செல்களையே தாக்குவதால் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்து, விழித்திரை தூக்கிக்கொள்கிறது.

மருந்துக்கு முன் நோயை உறுதிசெய்தாக வேண்டும். சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி என்ற வேறொரு விழித்திரை நோயிலும் இதேபோல் நீர் கோக்கும். அங்கே ஸ்டீராய்டு கொடுத்தால் நிலைமை மோசமாகும். விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனும், சாயம் செலுத்திக் கண்ணின் ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஃப்ளோரசீன் ஆஞ்சியோகிராமும் பெரும்பாலும் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். காசநோய், சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி பரிசோதனைகளையும் சர்க்கரை, ரத்த அழுத்த அளவையும் அன்றே எடுத்துவிடுவது நல்லது.

வழக்கமான முறை: மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 1 கிராம், மூன்று நாள், ரத்தக் குழாய் வழியாக. குறைந்தது ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அதன்பின் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. வீதம், காலை உணவுக்குப் பின். 60 கிலோ எடை என்றால் 60 மி.கி. இரவில் போட்டால் தூக்கம் போய்விடும்.

சறுக்கல் நடப்பது இனிமேல்தான். பார்வை தெளிந்ததும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நீர் வற்றினாலும் விழித்திரைக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்ப் படலமான கோராய்டில் அழற்சி புகைந்துகொண்டிருக்கும். மூன்று மாதத்துக்குள் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். மீண்டும் மீண்டும் வந்தால் கண்புரை, கண்ணழுத்த நோய், விழித்திரைக்கு அடியில் புது ரத்தக் குழாய்கள் என்று சேதம் நிரந்தரமாகிவிடும். ஆகவே மொத்தம் ஆறு மாதமாவது சிகிச்சை நீள வேண்டும். தொடக்கத்தில் குறைக்கும் படிகள் பெரிதாக இருக்கலாம்; அளவு இறங்க இறங்க 5 மி.கி., பிறகு 2.5 மி.கி. என்று படியும் சிறிதாக வேண்டும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளான மெத்தோட்ரெக்ஸேட், அசதயோபிரின் அல்லது மைக்கோஃபினலேட்டை முன்கூட்டியே சேர்த்தால் ஸ்டீராய்டைக் குறைப்பது எளிது. ஆனால் அவை முழுமையாக வேலைசெய்யச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள் பிடிக்கும். அதுவரை ஸ்டீராய்டுதான் தாங்க வேண்டும்.

ஒவ்வொரு முறை கண் பார்க்கும்போதும் கண்ணழுத்தம் அளக்க வேண்டும். காலை மாத்திரையால் சர்க்கரை பிற்பகலில்தான் ஏறும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் பிடிபடாது. எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் தேவை. உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் இந்தக் காலத்தில் கூடாது.

மாத்திரை தீரும் முன்பே அடுத்த அட்டையை வாங்கி வையுங்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடலில், இயற்கையாக ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரலாம். தொடர்ந்து வாந்தியெடுத்து மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் மறுவேளைக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போய் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.