லண்டனில் பழைய பப் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் மாலை 5 மணிக்கு மூடிவிடும். காலையிலிருந்து நடந்து நடந்து கால் ஓய்ந்துபோன கூட்டம் ஒரே நேரத்தில் தெருவுக்கு வரும். "ஒரு நல்ல பழைய பப்பில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்" என்று ஊரிலிருந்தே ஆசையோடு வந்தவர்கள், கண்ணில் பட்ட முதல் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்துவிடுவார்கள். எங்கும் கிடைக்கிற ஒரு பர்கரைச் சாப்பிட்டு, டிவி சத்தத்தில் ஒன்றும் பேச முடியாமல், "பப் என்றால் இவ்வளவுதானா?" என்று திரும்புவார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். கொஞ்சம் தள்ளி நடந்திருந்தால் அந்த மாலை வேறு மாதிரி அமைந்திருக்கும்.

அதற்காக வாசலுக்கு எதிரே இருப்பதெல்லாம் மோசம் என்று முடிவு கட்டுவதும் தவறுதான். மியூசியத்துக்கு நேர் எதிரே இருக்கும் மியூசியம் டாவர்ன் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். மியூசியத்தின் வாசிப்பு அறையில் வருடக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய கார்ல் மார்க்ஸ் இங்கே வந்துபோனதாகச் சொல்வார்கள். இந்த இடத்தில் பிரச்சினை நேரம் மட்டும்தான். மியூசியம் மூடும் வேளையில் போனால் நிற்க இடம் கிடைக்காது; பிற்பகல் 3 மணிவாக்கில் போனால் மேசை கிடைக்கும், மரவேலையையும் கண்ணாடியையும் நிதானமாகப் பார்க்கலாம்.

பலர் ஏமாறுவது பலகையில் எழுதியிருக்கும் வருடத்தைப் பார்த்துத்தான். அந்த வருடம் பெரும்பாலும் அந்த மனையில் முதன்முதலாக ஒரு மதுக்கடை இருந்த காலத்தைக் குறிக்கும். நீங்கள் நிற்கிற சுவருக்கு அந்த வயது இருக்க வேண்டும் என்பதில்லை. ஹாட்டன் கார்டன் பக்கம் இருக்கும் யீ ஓல்டு மைட்டர் 1546-ஐச் சொல்லிக்கொள்ளும். இப்போதைய கட்டடம் 1772-இல் எழுந்தது. நாட்டிங்ஹாமில் டிரிப் டு ஜெருசலேம் என்ற பப்பின் சுவரில் 1189 என்று பெரிதாக எழுதியிருக்கும்; கட்டடமோ பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இரண்டுமே அருமையான பப்புகள். ஆனால் "இங்கிலாந்தின் மிகப் பழைய பப்" என்ற பட்டத்துக்கு ஊருக்கு ஊர் போட்டி உண்டு, தீர்ப்பு கிடையாது. அந்தப் பட்டத்தை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? உள்ளே பார்க்க வேண்டும். மியூசியத்திலிருந்து ஏழெட்டு நிமிடம் நடந்தால் ஹை ஹோபர்ன் தெருவில் பிரின்சஸ் லூயிஸ் என்ற பப் வரும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கடை மாதிரிதான் தெரியும். கதவைத் திறந்தால் தரையிலிருந்து கூரைவரை ஓடுகள், பூவேலை செய்த கண்ணாடிகள், நடுவில் குதிரை லாட வடிவில் நீண்டு வளைந்த மர பார். அதைச் சுற்றி மரத் தடுப்புகள் வைத்துச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்திருப்பார்கள். விக்டோரியா காலத்தில் ஒவ்வொரு வகுப்பு ஆட்களும் தனித்தனியாக உட்கார்ந்து குடித்த ஏற்பாடு அது. ஆண்கள் கழிப்பறையின் பளிங்கும் ஓடும்கூடப் பேர்பெற்றவை.

இன்னொரு பக்கம் நடந்தால் லாம்ப்ஸ் காண்டுயிட் தெருவில் தி லாம்ப் இருக்கிறது. அங்கே பாரின் மேல், சரியாக முகத்தின் உயரத்தில், மங்கலான கண்ணாடிப் பலகைகள் வரிசையாக இருக்கும். சின்ன ஜன்னல்போல ஒவ்வொன்றையும் திருப்பித் திறக்கலாம், மூடலாம். கௌரவமான ஆட்கள் தங்கள் முகம் பரிமாறுகிறவருக்கும் எதிர்ப்பக்கம் நிற்கிறவர்களுக்கும் தெரியாமல் கோப்பையை வாங்கிக்கொள்ளச் செய்த வசதி. நூறு வருடத்துக்கு மேல் பழைய சமூக வழக்கம் ஒன்று, கையால் தொட்டுத் திருப்பிப் பார்க்கிற நிலையில் இன்னும் இருக்கிறது. எனக்கு லண்டனில் மிகவும் பிடித்த பொருட்களில் இதுவும் ஒன்று.

பிரதான சாலையை விட்டு இறங்காததும் ஒரு பெரிய தவறு. லண்டனின் பழைய பப்புகள் சந்துகளில் ஒளிந்திருக்கின்றன. 1666 பெருந்தீக்குப் பிறகு 1667-இல் மறுபடி கட்டப்பட்ட யீ ஓல்டு செஷைர் சீஸுக்கு ஃப்ளீட் தெருவிலிருந்து பிரியும் ஒரு இருண்ட சந்தில்தான் வாசல். மைட்டரின் சந்து இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஒரு இடுக்கு. தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷன், பரோ மார்க்கெட் பக்கம் போகிறவர்கள் 'ஜார்ஜ் இன்' என்ற பழைய சத்திரத்தைத் தவறவிட இதுதான் காரணம். தெருவிலிருந்து ஒரு வாசல் வளைவு மட்டும் தெரியும். முற்றத்துக்குள் போனால்தான் மாடி மாடியாக மரத் தாழ்வாரங்கள் தெரியும். குதிரை வண்டிப் பயணிகள் தங்கிய இப்படித் தாழ்வாரம் வைத்த சத்திரங்களில் லண்டனில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 1676-இல் இந்த சதர்க் வட்டாரத்தில் தீப்பிடித்த பிறகு அடுத்த வருடம் திரும்பக் கட்டியது. இன்று பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் சொத்து.

பெயரும் அலங்காரமும் பழையதாக இருந்தாலும் நிர்வாகம் பெரிய கம்பெனியிடம் இருக்கலாம். 1989-இல் அரசு, 2,000-க்கு மேல் பப் வைத்திருந்த பெரிய பீர் ஆலைகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதனால் அவை விற்க நேர்ந்த ஆயிரக்கணக்கான பப்புகளைப் புதுக் கம்பெனிகள் மொத்தமாக வாங்கின. பல பப்புகளில் மெனு ஒன்றுபோல இருப்பதற்கு அது ஒரு காரணம். இதனால் செயின் பப் என்றாலே ஒதுக்குவதும் சரியில்லை. செயின்ட் பால்ஸ் தேவாலயத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் நடந்து போகக்கூடிய பிளாக் ஃபிரையர் அப்படிப்பட்டதுதான். 1960-களில் இடிக்கவிருந்ததைப் போராடி நிறுத்தினார்கள். பளிங்குச் சுவரும் செம்புத் தகட்டில் செதுக்கிய துறவிகளும் இன்றும் பத்திரமாக இருக்கிறார்கள். உள்ளமைப்பு கெடாத பப் எது என்று தெரிய, 1971-இல் தொடங்கிய கேம்ரா என்ற பீர் ஆர்வலர் அமைப்பின் பாரம்பரிய பப் பட்டியலைப் பாருங்கள். நட்சத்திர மதிப்பெண்ணைவிட நான் அதைத்தான் நம்புவேன்.

நாளையும் கவனிக்க வேண்டும். செயின்ட் பால்ஸ், லண்டன் டவர் கோட்டை பக்கம் உள்ள 'சிட்டி' வட்டாரம் அலுவலக ஊர். சனி ஞாயிறு அங்கே பல பப்புகள் பூட்டிக் கிடக்கும். மைட்டரும் பொதுவாக அப்படித்தான். வியாழன் மாலை அலுவலகக் கூட்டம் நடைபாதைவரை வழியும். சமையலறைக்குத் தனி நேரம் உண்டு: பப் திறந்திருந்தாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்பு நின்றிருக்கலாம். பசியோடு போகிறவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உள்ளே போயாயிற்று. நம்மவர்கள் மேசையில் உட்கார்ந்து, யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருப்பார்கள். பெரும்பாலான பப்புகளில் யாரும் வரமாட்டார்கள். பாருக்கு நீங்களே போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கட்டி, கோப்பையைக் கையில் எடுத்துவர வேண்டும். சாப்பாடும் வேண்டுமென்றால் மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு போங்கள். பாரில் வரிசை இருப்பதுபோலவே தெரியாது, ஆனால் உங்களுக்கு முன்னால் வந்தது யார் என்று உள்ளே நிற்பவருக்கு நினைவிருக்கும். கையை ஆட்டிக் கூப்பிட வேண்டாம். கண்ணைப் பார்த்தால் போதும்.

பாரின் மேல் நீளமான கைப்பிடிகள் நிற்கும். அவற்றை இழுத்து ஊற்றுவதுதான் பீப்பாயிலேயே கடைசியாக நொதிக்கிற 'ஏல்' என்ற பாரம்பரிய பீர். நிலவறைக் குளிர்ச்சியில், சுமார் 11 முதல் 13 டிகிரியில் வரும். ஐஸ் குளிர்ச்சி இல்லையே என்று திருப்பிக் கொடுக்காதீர்கள், அதன் பக்குவமே அதுதான். ஒரு கைப்பிடியில் பெயர்ப் பட்டை பின்பக்கம் திருப்பி வைத்திருந்தால் அந்த பீர் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஒரு பைன்ட் 568 மில்லி. அதிகம் என்று தோன்றினால் அரை பைன்ட் கேளுங்கள், யாரும் வித்தியாசமாக நினைக்கமாட்டார்கள். ருசி பார்க்கக் கொஞ்சம் கேட்டாலும் பல இடங்களில் தருவார்கள்.

குடிக்காதவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. இங்கிலாந்தில் சைடர் என்றால் ஆப்பிள் ஜூஸ் அல்ல, மது. ஷாண்டியிலும் பீர் கலந்திருக்கும். சோடாவில் இனிப்பான எலுமிச்சை சர்பத் கலந்த லைம் அண்ட் சோடா ஏறக்குறைய எல்லா பப்பிலும் கிடைக்கும், விலையும் குறைவு. அதை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம். சாப்பாட்டில், ஸ்காட்ச் எக் என்ற பொரித்த பண்டத்தில் முட்டையைச் சுற்றியிருப்பது பன்றி இறைச்சி. ஏல் ஊற்றிச் சமைத்த 'பை' (pie) என்ற மாவுப் பண்டத்தின் உள்ளே இருப்பது பெரும்பாலும் மாட்டிறைச்சி. சில இடங்களில் உருளைக்கிழங்கு சிப்ஸையே மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் எந்த எண்ணெய் என்று கேட்டுவிடுவது நல்லது. குழந்தைகளோடு வந்தால் வாசலிலேயே விசாரியுங்கள். மாலைக்கு மேல் பிள்ளைகளை விடாத பப்புகள் உண்டு.

செல்போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரின்சஸ் லூயிஸும் செஷைர் சீஸும் யார்க்ஷையரின் சாமுவேல் ஸ்மித் பீர் ஆலைக்குச் சொந்தமானவை. அவர்கள் பப்புகளில் பாட்டும் டிவியும் இல்லை. உள்ளே போனும் லேப்டாப்பும் பயன்படுத்தக் கூடாது என்று 2019-இல் விதி கொண்டுவந்தார்கள். வழிகாட்டும் மேப்பை வாசலிலேயே பார்த்து முடித்து, போனைப் பைக்குள் வைத்துவிட்டு உள்ளே போங்கள்.