பொதுத் தொல்லியல் ஆய்வில் எங்கே சறுக்குகிறோம்

பொதுத் தொல்லியல் (தொல்லியலுக்கும் பொதுச் சமூகத்துக்குமான உறவு), மரபு மேலாண்மை (தொல்லிடங்களையும் நினைவுச்சின்னங்களையும் பாதுகாத்து நிர்வகிப்பது) பற்றி எழுதப்படும் ஆய்வேட்டு வரைவுகளை நிறையப் படிக்கிறேன். உழைப்புக்குக் குறையே இருக்காது. ஆனால் மக்கள் கடைசி இயலில்தான் வருவார்கள், அதுவும் கண்காட்சிக்கு வந்துபோன கூட்டமாக. எனக்கு மனசு கேட்காத விஷயம் இதுதான்.

சிக்கல் 'பொது' என்ற சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. 1972இல் அமெரிக்காவில் தொல்லியலாளர் சார்லஸ் மெக்கிம்சி 'பொதுத் தொல்லியல்' என்ற தலைப்பில் நூல் எழுதியபோது, மக்கள் சார்பில் அரசு சட்டம் போட்டு, பணம் ஒதுக்கித் தொல்லிடங்களைக் காக்க வேண்டும் என்பதுதான் அவருடைய முக்கியமான வாதம். பின்னால் வந்தவர்கள் மக்களோடு சேர்ந்து ஆய்வு செய்வதையும் அதே பெயரால் அழைத்தார்கள். 'பொது' என்றால் அரசா, மக்களா? இரண்டும் சில இடங்களில் நேருக்கு நேர் மோதும். எதைச் சொல்கிறீர்கள் என்று முதல் பக்கத்திலேயே தெளிவாக்கிவிடுங்கள்.

அந்த மோதலைப் பார்க்க நியூயார்க் போதும். 1991இல் மன்ஹாட்டனில் கூட்டரசு அலுவலகம் ஒன்றைக் கட்டத் தோண்டியபோது, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்கர்களைப் புதைத்த இடுகாடு வெளிப்பட்டது. அடிமைகளாக இருந்தவர்களும் சுதந்திரமாக வாழ்ந்தவர்களும் அங்கே கிடந்தார்கள். சட்டம் கேட்ட தொல்லியல் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது, எலும்புகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, ஆனால் அவை யாருடைய முன்னோர்களோ அவர்களின் குரலுக்கு அங்கே இடமில்லை. கறுப்பின மக்கள் போராடினார்கள், 1992இல் தோண்டுவது நின்றது. அப்புறம் ஆய்வு ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனது. மைக்கேல் பிளேக்கி தலைமையிலான குழு, இவர்கள் எங்கிருந்து வந்தார்கள், உடல் என்ன பாடுபட்டது, எப்படி எதிர்த்து நின்றார்கள் போன்ற கேள்விகளை வழித்தோன்றல்களோடு பேசித்தான் வகுத்துக்கொண்டது. ஆய்வு முடிந்து, 400க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் 2003இல் அதே இடத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. கேள்வியை யார் கேட்பது என்பது மாறியதால் ஆய்வே மாறியது. அதனால் எல்லாம் முடிந்த பிறகு ஒரு கூட்டம் போட்டு விளக்கிவிட்டு அதை 'மக்கள் பங்கேற்பு' என்று எழுதாதீர்கள்.

"மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்ற வரி ஏறக்குறைய எல்லா வரைவிலும் இருக்கிறது. எப்படித் தெரியும்? கேட்டீர்களா? ஒரு தொல்லியல் மேட்டை இடிக்கச் சம்மதிப்பவருக்கு அதன் வயது நன்றாகவே தெரிந்திருக்கலாம், தன் நிலம் பறிபோகுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருக்கலாம். அறியாமை என்று எழுதிவிட்டால் இதைத் தேட வேண்டிய வேலையே இல்லாமல் போகிறது.

மரபுப் பாதுகாப்புக்கான சர்வதேச சாசனங்களை எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் விதிபோல மேற்கோள் காட்டுவது இன்னொன்று. 1964இன் வெனிஸ் சாசனம் நினைவுச்சின்னத்தின் பழைய கல், மரம் போன்ற அசல் கட்டுமானப் பொருளைக் காப்பதில் குறியாக இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படும் ஜப்பானின் இசே ஆலயத்தை அந்த அளவுகோலால் எப்படி அளப்பது? உண்மைத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டுக்குள் வைத்தே மதிப்பிட வேண்டும் என்று 1994இல் ஜப்பானின் நாரா நகரில் உருவான நாரா ஆவணம் சொன்னது. ஆண்டைப் பார்க்காமல் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கினால் விவாதமே காணாமல் போய்விடும்.

மரபு ஆய்வாளர் லோராஜேன் ஸ்மித் 2006இல் முன்வைத்த 'அங்கீகரிக்கப்பட்ட மரபுச் சொல்லாடல்', அதாவது எது மரபு என்பதை அரசும் நிபுணர்களும் தீர்மானிக்கும் பேச்சுமுறை, கூர்மையான கருத்து. ஆனால் அரசு என்ன சொன்னாலும் அதன்மேல் இந்தப் பெயரை ஒட்டிவிட்டு நகர்வது பகுப்பாய்வு ஆகாது. எந்த ஆவணத்தில், எந்தச் சொல், யாரை வெளியே தள்ளுகிறது என்று காட்டுங்கள்.

சரி, சின்னதாகத் தோன்றும் ஒன்று, எனக்கு அது சின்னதே இல்லை. பாதுகாப்பில்லாத தொல்லிடத்தின் துல்லியமான ஆயத்தொலைவுகளை வரைபடத்தோடு வெளியிடாதீர்கள். கட்டுரையைத் திருடர்களும் படிப்பார்கள். தோராயமான பகுதியைக் காட்டினால் வாசகருக்குப் போதும், முழுத் தரவும் காப்பகத்தில் இருக்கட்டும். அதற்கு முன், அந்த இடத்தில் குடியிருப்பவர்களிடம் எதை வெளியில் சொல்லலாம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.