பயந்த நாய் வீட்டோடு பழக

ராயபுரம் பக்கத்துச் சின்ன வீடுகளில் நாய்க்குத் தனி அறை கிடைக்காது. கட்டிலுக்கு அடியில் பழைய லுங்கி விரித்து, மூன்று பக்கம் மறைத்தால் போதும். அங்கிருந்து மட்டும் இழுக்காதீர்கள். ஒளிய வேறு இடமில்லை என்றால் கடிக்கலாம்.

சோறும் எலும்பில்லாத வெந்த கோழியும், வெங்காயம் சேர்க்காமல், தினமும் ஒரே நேரத்தில்.

பெரிய தொல்லை கன்டெய்னர் லாரி ஹாரனும் சாவு மேளமும். என் அனுபவத்தில் பலன் தந்தது இதுதான்: அந்தச் சத்தங்களை போனில் பதிந்து, நாய் திடுக்கிடாத அளவுக்கு மெல்லமாக ஓடவிட்டு, ஓடும்போதே கோழித்துண்டு கொடுப்பது. நிம்மதியாகத் தின்றால் மறுநாள் ஒரு புள்ளி கூட்டலாம். தின்ன மறுத்தாலோ, கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கினாலோ சத்தம் அதிகம் என்று பொருள், உடனே குறையுங்கள். அவசரப்பட்டால் பயம் இரட்டிப்பாகும்.

வெளியே போக ஹார்னஸ்தான், அதாவது மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை. மிரண்ட நாய் பின்வாங்கினால் கழுத்துப்பட்டை தலைவழியே உருவிவிடும்.