லீட்ஸுக்குக் கிளம்பும் முன்: நியூஜெர்சி சித்தி சொல்லாதவை

நங்கநல்லூரில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் இந்த செப்டம்பரில் மூன்று பிள்ளைகள் பிரிட்டனுக்குப் படிக்கக் கிளம்புகிறார்கள். மூன்று வீட்டிலும் ஒரு சித்தியோ பெரியப்பா பையனோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஆலோசனை எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. "வெளிநாடு எல்லாம் ஒண்ணுதானே, அதே இங்கிலீஷ்தானே" என்று நானும் அப்படித்தான் போனேன். ஓ.எம்.ஆரில் மூன்று வருடம் அமெரிக்க வாடிக்கையாளருக்காக இரவு ஷிஃப்ட் பார்த்தவள் நான். அவர்கள் பேச்சு எனக்கு அத்துப்படி.

லீட்ஸில் முதுகலை படித்த வருடம் நாங்கள் நான்கு பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். இரண்டு பேர் அந்த ஊர்ப் பக்கத்து ஆங்கிலேயர்கள், ஒருத்தி ஒஹாயோவிலிருந்து வந்த அமெரிக்கப் பெண், அப்புறம் நான். ஆங்கிலம் அவளுக்குத் தாய்மொழி. அப்படியிருந்தும் முதல் மாதத்தில் என்னைவிட அதிகம் தடுமாறியவள் அவள்தான். அவள் தடுக்கி விழுந்த இடங்களைப் பக்கத்திலிருந்து பார்த்ததால் நான் கொஞ்சம் தப்பித்தேன். கிளம்புகிற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் காதைப் பழக்குங்கள்

வந்த மூன்றாம் நாள் காலை. ஒஹாயோக்காரி சமையலறையில் கிண்ணத்தில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். கூட இருந்த பையன் உள்ளே வந்து, "யூ ஆல் ரைட்?" என்றான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ராத்திரி தூக்கம் வராததையும் அம்மா ஞாபகம் வந்ததையும் சொல்ல ஆரம்பித்தாள். அவன் பாவம், கையில் ரொட்டியோடு நின்று முழுக்கக் கேட்டான். அவன் போன பிறகு அவள் என்னிடம், "நான் பார்க்கச் சோகமாகவா இருக்கிறேன்? மூன்று நாளாக எல்லோரும் இதையே கேட்கிறார்கள்" என்றாள்.

அவளுக்கு நான் நம் 'சாப்டாச்சா'வை விளக்கினேன். தெருமுனையில் எதிர்ப்படுகிற மாமி "சாப்டாச்சா?" என்றால் இலை போடப் போகிறார் என்று அர்த்தமில்லை. "ஆச்சு மாமி, நீங்க?" என்று சொல்லிக்கொண்டே நடக்கிறோம். அங்கே 'யூ ஆல் ரைட்' அதேதான். "யா, யூ?" என்று நடையை நிறுத்தாமல் சொன்னால் போதும். சென்னையில் வளர்ந்தவருக்கு இது ஒரே நாளில் வந்துவிடும்.

'லவ்' என்ற சொல்லும் அப்படித்தான். லீட்ஸ் பக்கம் பஸ் டிரைவர், கிர்க்கேட் மார்க்கெட்டில் காய் விற்கிற அம்மா என எல்லோரும் முன்பின் தெரியாதவர்களையும் 'லவ்' என்பார்கள். ஒஹாயோக்காரி முதல் தடவை முகம் சிவந்துபோனாள். எனக்கு அது "என்னம்மா வேணும்?" என்கிற நம்மூர்க் கடைக்காரரின் 'ம்மா' மாதிரியே கேட்டது. விகற்பமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதைவிட முக்கியமானது, பூசி மெழுகிச் சொல்வது. ஆய்வறிக்கையின் வரைவைக் கொடுத்துவிட்டு அவள் ஒருநாள் சிரித்த முகத்தோடு வந்தாள். வழிகாட்டி 'குவைட் குட்' என்றாராம். இரண்டாம் அத்தியாயத்தை 'நீ விரும்பினால் இன்னொரு தடவை பார்க்கலாம்' என்றும் சொன்னாராம். விருப்பமில்லை, அதனால் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே அத்தியாயத்துக்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அமெரிக்காவில் 'குவைட் குட்' என்றால் ரொம்ப நன்றாக இருக்கிறது. பிரிட்டனில் பெரும்பாலும் 'பரவாயில்லை'தான். 'இன்னொரு தடவை பார்க்கலாம்' என்றால் 'மாற்றி எழுது'. 'ஐ வில் பேர் இட் இன் மைண்ட்' என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற 'பார்க்கலாம்'. இதற்கு மாறாக, 'நாட் பேட்' என்று கேட்டால் சந்தோஷப்படுங்கள். பல நேரம் அது நிஜமான பாராட்டு.

பெண் பார்க்க வந்துவிட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று எழுந்தவர்களின் பேச்சு நம் பாட்டிகளுக்கு எப்படிப் புரிந்ததோ, அந்தக் காது வேண்டும். ஆனால் படிப்பு விஷயத்தில் காதை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு சந்திப்பும் முடிந்த அன்றே, 'இரண்டாம் அத்தியாயத்தை மாற்றி எழுத வேண்டும் என்று புரிந்துகொண்டேன், சரிதானா?' என்று ஒரு மெயில் போடுங்கள். நேரில் சுற்றிவளைத்தவர்கள் எழுத்தில் நேராகப் பதில் சொல்வார்கள். நான் கடைசிவரை இதைத்தான் செய்தேன்.

மதிப்பெண்ணைப் பற்றி அப்பா அம்மாவிடம் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். அங்கே முதுகலையில் 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். 80 என்பது அபூர்வம். 68 வாங்கிய அன்று அவள் அழுதாள்; அவளுக்குத் தெரிந்த கணக்கில் அது தோல்விக்குப் பக்கம். பிளஸ் டூவில் சென்டம் எடுத்த பிள்ளைகளுக்கும் 64 என்று வரும்போது வயிறு கலங்கும். கலங்க வேண்டாம், அது நல்ல மார்க். ஆசிரியர்களை 'சார்', 'மேடம்' என்று அழைக்காமல் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். நாக்கு வராது, பழகிக்கொள்ளுங்கள்.

டீ போடுகிற முறை

வீட்டில் நல்ல பெயர் எடுப்பதும் கெடுப்பதும் கெட்டிலில்தான். யாராவது டீ போட எழுந்தால் வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் "ப்ரூ வேணுமா?" என்று கேட்பார்கள் (அங்கே 'ப்ரூ' என்றால் டீ, நம்மூர் காபித்தூள் இல்லை). ஒஹாயோக்காரி தனக்கு மட்டும் ஒரு கோப்பைத் தண்ணீரை மைக்ரோவேவில் சூடுபண்ணி, டீ பையைப் போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள். அவள்மேல் தப்பில்லை. அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், கெட்டில் மெதுவாகக் கொதிக்கும், அதனால் பல வீடுகளில் அது கிடையாது. பிரிட்டனில் நம்மைப் போல 230 வோல்ட், நிமிடத்தில் கொதித்துவிடும். இரண்டு வாரம் யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவளைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். காரணம் புரிந்ததும் அன்று மாலையே அவள் நாலு கோப்பை போட்டு வாசல்வாசலாகத் தட்டினாள். எல்லாம் சரியாகிவிட்டது.

எனவே, எழுந்தால் கேளுங்கள். யாருக்குப் பால் எவ்வளவு, சர்க்கரை உண்டா இல்லையா என்று நினைவில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இஞ்சி தட்டிப் போட்டு, பாலோடு கொதிக்கவைத்து நம்மூர் டீ போடுவேன். பாத்திரம் காலியாகத்தான் திரும்பி வரும்.

ஒன்று கவனிக்க வேண்டும். அந்த வடக்குப் பக்கத்தில் 'டீ' என்றால் மாலைச் சாப்பாடும்தான். 'வியாழக்கிழமை டீக்கு வா' என்று ஒரு வீட்டில் கூப்பிட்டபோது அவள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய், தட்டு நிறைய உருளைக்கிழங்கின் எதிரில் உட்கார்ந்தாள். நாள் குறித்துக் கூப்பிட்டால் பசியோடு போங்கள். நாள் சொல்லாமல் 'ஒருநாள் வரணும்' என்றால் அது நம் 'வீட்டுக்கு வாங்க' மாதிரி, காத்திருக்க வேண்டாம்.

நமக்குச் சுலபம், சில விஷயம் புதுசு

சாலையில் இடதுபக்கம் போவது, கிரவுண்ட் ஃப்ளோர், நாள்-மாதம் என்று தேதி எழுதுவது, அலமாரியில் போட்ட விலையே கல்லாவிலும் வருவது, பிளக்குக்குப் பக்கத்தில் சுவிட்ச் என்று இதெல்லாம் நமக்குப் பழக்கம். அவளுக்கு இல்லை. 05/12 என்று இருந்த கடைசித் தேதியை மே 12 என்று படித்துவிட்டு நிம்மதியாக இருந்தாள். அது டிசம்பர் 5.

நமக்குப் புதுசு: பல பழைய வீடுகளில் வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய், குளியலறையில் விளக்குக்குக் கயிறு, சமையலறையில் வாஷிங் மெஷின். பிளக்கின் பின் செவ்வகமாக இருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு அடாப்டர் வாங்கிப் பெட்டியில் போடுங்கள்.

பஸ்ஸுக்குக் கை காட்ட வேண்டும், வரிசை கலையக்கூடாது, இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பப்பில் கவுண்டருக்குப் போய்த்தான் ஆர்டர், டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. உணவகத்தில் 12.5 சதவீதம் போல பில்லிலேயே சேர்த்திருப்பார்கள், பார்த்துக் கொடுங்கள். பப்புக்கு ஐந்து பேர் போனால் ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த சுற்று அடுத்தவர். நீங்கள் ஜூஸ் மட்டும் குடித்தாலும் உங்கள் முறை வரும். வேண்டாமென்றால் முதலிலேயே 'எனக்கு நானே வாங்கிக்கிறேன்' என்று சொல்லிவிடுவது மரியாதை.

உடம்பு விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். மூன்று வாரம் இருமிக்கொண்டே இருந்தாள் அவள். பில் எவ்வளவு வருமோ என்ற அமெரிக்கப் பயம். விசாவோடு வருடத்துக்கு 776 பவுண்ட் மருத்துவக் கட்டணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது; டாக்டரைப் பார்க்கத் தனியாகப் பணமில்லை. இங்கிலாந்தில் மருந்துக்கு மட்டும் ஒரு கட்டணம் உண்டு. நம் தெருமுனை கிளினிக் மாதிரி நேரே போய் டோக்கன் வாங்க முடியாது. போன முதல் வாரமே ஒரு ஜி.பி.யிடம், அதாவது அந்தப் பகுதிக் குடும்ப டாக்டரிடம், பதிவு செய்துகொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தில்லாத அவசரத்துக்கு 111க்கு ஃபோன் பண்ணுங்கள், உயிருக்கு ஆபத்து என்றால் 999.

குளிரைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். இருட்டைப் பற்றி எனக்கு யாருமே சொல்லவில்லை. வடக்கே போகப் போகக் குளிர்காலப் பகல் சுருங்கும். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, ஒஹாயோ சுமார் 40, லீட்ஸ் கிட்டத்தட்ட 54. டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். பனியிலேயே வளர்ந்த பெண், அவளே அந்த மாதம் வாடிப்போனாள். மதியம் வெளிச்சம் இருக்கும்போதே அரைமணி நேரம் வெளியே நடங்கள். வாரத்தில் ஒரு மாலை யாரோடாவது சேர்ந்து சமையுங்கள். நாங்கள் புதன்கிழமை வைத்திருந்தோம். கிறிஸ்துமஸ் அன்று ரயில் கிடையாது, பெரிய கடைகள் எல்லாம் மூடியிருக்கும்; 24ஆம் தேதிக்குள் சாமான் வாங்கிவிடுங்கள்.

கடைசியாகப் பெட்டி. பால் பொருளும் இறைச்சியும் இந்தியாவிலிருந்து கொண்டுபோக அனுமதி இல்லை. ஆவின் நெய்யும் பால்கோவாவும் அம்மா எவ்வளவு ஆசையாகக் கட்டினாலும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பருப்புப்பொடி போதும். அதில் இரண்டு பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் தடவிய ரொட்டிமேல் தூவிச் சாப்பிட ஒஹாயோக்காரி கற்றுக்கொண்ட பிறகு, என்னுடைய ஒரு பாக்கெட் அக்டோபரைத் தாண்டவில்லை.